ஒரு சுக்கான், மூன்று கேப்டன்கள்

மூன்று கேப்டன்களும் ஒரே சமயத்தில் சுக்கான் சக்கரத்தில் கை வைத்தார்கள். நாலாவது கேப்டன் ஹெக்டர் மட்டும்தான் சும்மா இருந்தார். அவர் பிரஷர் குக்கருக்குள் சாம்பலாக இருந்தார்.

"அப்பாவப் போயி குக்கர்லயா வைப்ப?" என்றான் மகன் கிரஹாம். கனடாவிலிருந்து கறுப்புக் கோட்டும் டையுமாக வந்து இறங்கியிருந்தான்.

"படகு எப்படி ஆடினாலும் மூடி திறக்காத பாத்திரம் இது ஒண்ணுதான்டா," என்றாள் அவன் அம்மா மாவிஸ். "வெயிட் போடல, கவலப்படாத."

ஹெக்டர் போய்ப் பத்து நாள் ஆகிறது. கரியாக்குத் தீவின் இந்த விரிகுடாவுக்குள் யார் பாய்மரப் படகில் வந்தாலும், நங்கூரம் எப்படிப் போட வேண்டும் என்று வீடாகவும் இருந்த தன் படகில் நின்றே கத்திக் கற்றுக்கொடுப்பார். அந்தக் குரலுக்குப் பயந்து பெலிக்கன்கள் எல்லாம் பக்கத்துத் தீவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அன்றும் "இன்னும் சங்கிலி விடு, இன்னும் விடு" என்று கத்தியவர் அப்படியே உட்கார்ந்தார். வந்தவன் மிரண்டுபோய், தன்னிடம் இருந்த சங்கிலி முழுவதையும் விட்டுவிட்டான். மாவிஸ் போய்த் தொட்டபோது அவர் முகத்தில் நல்ல திருப்தி.

படகை வாங்குகிறவர் நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். ஏற்பாடு கிரஹாமுடையது.

"எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல உனக்கு ரூம் ரெடிம்மா. ஜன்னல்கூட இருக்கு."

"ஜன்னல் தரைக்கு மேலயா, கீழயா?"

"பாதிப் பாதி." குரலைத் தணித்துக்கொண்டான். "முப்பது வருஷத்துல ஒரு நாளாவது நீ ஓட்டியிருக்கியா?"

ஓட்டியதில்லை. சுக்கான் ஹெக்டருடையது, முன்முனையில் நின்று நங்கூரச் சங்கிலியோடு மல்லுக்கட்டுவது மாவிஸுடையது. விரிகுடாவில் இருந்த அத்தனை தம்பதிகளுக்கும் இதே பங்கீடுதான்.

"இன்னிக்கு அப்பாவக் கடல்ல கரைக்க நானே ஓட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தறேன். முடியலன்னா நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்," என்றாள்.

"நீ உக்காரு மாவிஸ். துக்கத்துல இருக்கறவங்க ஓட்டக் கூடாது," என்றார் மூன்று கேப்டன்களில் ஒருவரான கிளிஃபோர்ட், அந்த நிமிடம் கண்டுபிடித்த சாஸ்திரத்தை.

"சக்கரம் ஒண்ணுதான இருக்கு. நீங்க மூணு பேரும் முன்னாடி போயி நங்கூரத்த எடுங்க."

கம்பீரமாகப் போனார்கள். போய் நின்றார்கள். மூவருக்கும் சேர்த்து நூற்றுப்பத்து வருஷக் கடல் அனுபவம். ஆளுக்கு இரண்டு புயல், இரண்டாவது ரம் உள்ளே போனால் ஆறு. லார்ஸ் சங்கிலியைக் குனிந்து பார்த்தார். பெர்னார் அதைக் காலால் தொட்டுப் பார்த்தார். கிளிஃபோர்ட் தண்ணீரைப் பார்த்து, எழுந்து வா என்பதுபோல் கையை அசைத்தார்.

பக்கத்தில் ரப்பர் படகில் பூக்களோடு காத்திருந்த கிளிஃபோர்டின் மனைவி யூனிஸ் ஏறி வந்தாள். "இருபத்திரண்டு வருஷம் பின்னாடி நின்னு கத்தினா இப்படித்தான்." தரையில் ஒரு மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த பொத்தானைக் குதிகாலால் மிதித்தாள். சங்கிலி கடகடவென்று ஏறியது.

"பொத்தான் அங்கயா இருக்கு?"

"நம்ம படகுலயும் அங்கதான், கேப்டன்."

மாவிஸ் வளைந்து வளைந்து ஓட்டினாள். ஹெக்டரை வழியனுப்பப் பின்னால் வந்த பதினொரு படகுகளும் மரியாதைக்காக அதே வளைவுகளில் வந்தன. மலைமேலிருந்து பார்த்தவர்கள், போதையில் ஒரு திமிங்கிலத்தைத் துரத்துகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

தண்ணீர் கருநீலமானதும் கேப்டன்கள் காற்று எந்தப் பக்கம் என்று விவாதிக்கத் தொடங்கினார்கள். தப்பான பக்கம் கொட்டினால் ஹெக்டர் எல்லோர் மூக்கிலும் ஏறிவிடுவார். லார்ஸ் விரலை எச்சில் பண்ணித் தூக்கினார். பெர்னார் அந்த விரலை ஏற்கவில்லை.

"கிரஹாம், இதக் கொஞ்சம் பிடி."

படகின் ஆட்டத்தில் முகம் பச்சையாகியிருந்த மகனிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, மாவிஸ் குக்கரோடு பின்பக்க ஏணியில் இறங்கினாள். முழங்கால் நனைந்ததும் குக்கரை நீருக்குள் அமிழ்த்தி மூடியைத் திருப்பினாள். வெளுப்பாக ஏதோ விரிந்தது. கொஞ்ச நேரம் அவள் கையைச் சுற்றியே நின்றது. பிறகு கை மட்டும் தெரிந்தது.

மேலே வந்தபோது லார்ஸ், "சரி, வலது பக்கம்னு முடிவு பண்ணிட்டோம். ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"ஆச்சு," என்றாள் மாவிஸ்.

கிரஹாம் சக்கரத்தைத் திருப்பித் தரக் கொஞ்சம் தாமதித்தான்.

அடுத்தவர்கள் நங்கூரம் போடுவதைக் கையில் கோப்பையோடு வேடிக்கை பார்ப்பதுதான் விரிகுடாவின் மாலைப் பொழுதுபோக்கு. இன்று யார் கையிலும் கோப்பை இல்லை. யூனிஸ் முன்னால் நின்று கையை உயர்த்தினாள். முதல் தடவை நங்கூரம் பிடிக்காமல் மணலை உழுதுகொண்டே வந்தது. படகு பின்வாக்கில் பெர்னாரின் படகை நோக்கிப் போனது. நாற்பது வருஷ நாத்திகரான பெர்னார் சிலுவை போட்டுக்கொண்டார். மாவிஸ் விலகி வந்து, வட்டமடித்து, மறுபடி போட்டாள். இன்ஜினைப் பின்னோக்கி முடுக்கினாள். படகு ஒரு முறை உதறி, நின்றது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் ரப்பர் படகுகளில் இறங்கிப் போனார்கள்.

கிரஹாம் டையைக் கழற்றினான். போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். "நாளைக்கு வர வேணாங்க... இல்ல, விலையெல்லாம் பிரச்சன இல்ல."

நங்கூரம் நழுவுகிறதா என்று தெரிய, கரையில் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மாவிஸ் சர்ச் கோபுரத்தையும் அதன் முன்னால் இருந்த தென்னையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பிடிச்சுடுச்சும்மா. வா, ஏதாவது சாப்பிடலாம்."

"இன்னும் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

கோபுரம் தென்னையை விட்டு ஒரு விரல்கூட விலகவில்லை. இருட்டு இரண்டையும் மறைத்த பிறகும் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.