இருபத்து மூன்று கத்தரி நாற்றுகள்

மதிய லுஹர் தொழுகையை முடித்துவிட்டு மாடி அறைக் கதவைத் திறந்த ஆயிஷா சித்திகா, கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் குழித்தட்டிலிருந்து கப்புகளுக்கு மாற்றிய கத்தரி நாற்றுகள் இருபத்து மூன்றும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. சிலவற்றின் இலைகள் கப்பின் விளிம்பில் ஈரத் துணி போல ஒட்டிக் கிடந்தன.

அவள் நாற்று வளர்ப்பது புதிதல்ல. விளாங்குடி வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையை ஒழித்து, இரும்பு அடுக்கு போட்டு, தட்டுக்குத் தட்டு டியூப் லைட் மாட்டி ஐந்து வருஷமாக வளர்க்கிறாள். லைட் மாட்டிக் கொடுத்தது அவள் கணவன் பரீத். ஆரப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தக்காளியும் மிளகாயும் எத்தனையோ முறை வாடியிருக்கின்றன. செத்தால் வேறு விதை போட்டுக்கொள்ளலாம். இந்தக் கத்தரிக்கு வேறு விதை கிடையாது.

போன மாசி மாதம் மதுரையில் ஒரு மண்டபத்தில் விதைக் கண்காட்சி நடந்தது. திருவாதவூரிலிருந்து வந்திருந்த நல்லகாமன் அங்கேதான் பழக்கமானார். அறுபது வயதை ஒட்டிய விவசாயி. பழைய மிளகாய் விதைகளை அவள் முளைக்க வைத்த கதையை நின்று கேட்டவர், அடுத்த வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஐம்பத்திரண்டு விதைகள்.

"எங்க வீட்டுக் கத்தரி தங்கச்சி. வெள்ளையில ஊதா வரி ஓடும். கிணத்தடியில எம் பொண்டாட்டி வருசா வருசம் போடுவா. போன வருசம் நாந்தேன் கொழுப்பெடுத்துப்போயி கடையில வாங்குன விதையப் போட்டேன். பானையில இருந்த விதைய எலி தின்னுருச்சு. இது நாலு வருசத்து விதை. இம்புட்டுத்தேன் மிச்சம்."

ஆனி பிறந்ததும் அத்தனையையும் விதைத்தாள். வெளிக் காற்றும் பூச்சியும் அண்டாமல் அறைக்குள்ளேயே வைத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று முளைத்தன. நாலு இலை விட்டதும் படம் எடுத்து அனுப்பினாள். வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக அவர் சொன்னார். அவர் வரும்போது கப்பில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாற்றி வைத்தாள். இப்போது மணி ஒன்றரை.

தெளிப்பானைக் கையில் எடுத்துவிட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் நிறைய இருந்தது. பின் ஏன் வாடுகிறது? நடும்போது தண்டைப் பிடித்து நசுக்கிவிட்டோமா, வேர் அறுந்துவிட்டதா என்று விரல்களையே பார்த்தாள். மாடித்தோட்டக் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டாள். நிறைய தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஒருவர். தண்ணீரே காட்டாதீர்கள், வெயிலில் வையுங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னார். எதைச் செய்யவும் கை வரவில்லை. தப்பானதைச் செய்தால் சாயங்காலத்துக்குள் கதை முடிந்துவிடும். ஒன்றும் செய்யாவிட்டாலும் அதேதான்.

மின்விசிறியை மட்டும் நிறுத்தினாள். லைட்டுகளில் பாதியை அணைத்தாள். ஜன்னலில் ஈரத் துண்டைக் கட்டினாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது முன்வரிசையில் இருந்த நாற்றின் இலை ஓரம் வெளிறி, நுனி காகிதம் மாதிரி சுருண்டிருந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தன்னால் முணுமுணுத்தது.

கப்புகளுக்கு அடியில் இருந்த தட்டில் பாலில்லாத தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்து நின்றது. வழக்கமாக இவ்வளவு கறுப்பாக வடியாது. அவள் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு. நாக்கின் ஓரம் கரித்தது.

போர் தண்ணீர் உப்பு என்பதால் நாற்றுக்கு அவள் கேன் தண்ணீர்தான் ஊற்றுவாள். அப்படியென்றால் உப்பு தண்ணீரில் வரவில்லை, மண்ணில் கலந்த தேங்காய் நார்த்தூளில் வந்திருக்கிறது. எப்போதும் வாங்கும் இடத்தில் இல்லையென்று இந்த முறை வேறு கடையில் வாங்கிய கட்டி அது. எந்தக் கட்டியானாலும் உப்புப் போக இரண்டு நாள் ஊறவைத்து, மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்துதான் எடுப்பாள். இந்த முறை ஒரு மணி நேரம் ஊறவைத்து அப்படியே மண்ணோடு கலந்துவிட்டாள். வியாழக்கிழமைக்குள் காட்ட வேண்டும் என்ற அவசரம்.

பரீத்துக்குப் போன் போட்டாள். "என்னங்க, ரெண்டு கேன் தண்ணி எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

"வீட்ல தண்ணி இல்லையா?"

"நாத்து சாகுது."

கடையைப் பாதி சாத்திவிட்டு இருபது நிமிஷத்தில் வண்டியில் வந்து சேர்ந்தான்.

நாற்றுகளை மறுபடி பிடுங்கிப் புது மண்ணில் வைக்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டு தடவை வேரைத் தொட்டால் தாங்குமா? பிடுங்காமல் மேலிருந்து நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசி இறக்கலாம். அதில் வேர் அழுகினால்? அவள் கணவனைப் பார்த்தாள்.

"எனக்கு இதுல என்ன தெரியும் ஆயிஷா" என்றான் அவன். "போர்டுல தண்ணி போன செல்லு வந்தா முதல்ல கழுவிருவோம். பார்ட்ஸ் கழட்டி மாத்துறதெல்லாம் பொறகுதான்."

அலசுவதென்று முடிவு செய்தாள். அவன் கப்பைச் சாய்த்துப் பிடிக்க, தண்டில் படாமல் ஓரமாகக் கரண்டியால் தண்ணீர் விட்டாள். கறுப்பாக வடிந்தது, பிறகு பழுப்பாக, பிறகு மஞ்சளாக. ஒவ்வொரு கப்பிலும் வடிந்ததை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டாள். அலசிய வேகத்தில் நாற்றுகள் முன்னைவிட மோசமாகச் சாய்ந்தன. ஈர்க்குச்சி நட்டு நூலால் தளர்வாகக் கட்டினாள். கருகிய அடி இலைகளைக் கத்தரித்தாள். எல்லாவற்றையும் சேர்த்துக் கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக் உறையால் கூடாரம் போல மூடினாள். சாயங்கால அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டபோது அவள் துப்பட்டாவெல்லாம் நார்க்கறை.

"அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிரு" என்றான் பரீத்.

"பிழைக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேனே."

"செத்த பிறகு சொன்னா மறைச்ச மாதிரி ஆயிரும்."

அவள் பேசினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், அவசரப்பட்டது உட்பட.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தங்கச்சி. காலையில வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை உறையை விலக்கினாள். ஒன்பது நாற்றுகள் அடித்தண்டு கறுத்து மடிந்து கிடந்தன. மீதிப் பதினான்கில் சில லேசாக நிமிர்ந்திருந்தன, சில அப்படியே தொங்கின. எட்டு மணிக்கே நல்லகாமன் வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்திருந்த ஆயிஷாவுக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரிப் பயம் வந்தது. அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்தவர் எதையும் தொடவில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்.

"எம் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது" என்றார். "விதை பானையில இருக்குன்னே நெனச்சுக்கிட்டு இருக்கா. ஆடி பொறக்கப் போகுது. பானையத் தேடுவா."

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. அதைப் பார்த்தார், ஆயிஷாவைப் பார்த்தார், போனை அவள் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க போயித் தொலைஞ்சீக?" என்றது அவர் மனைவி அழகம்மாளின் குரல். "எலி திங்காத ஒரு விதைகூடப் பானையில இல்ல."

"அக்கா, நான் விளாங்குடியில இருந்து ஆயிஷா பேசுறேன். உங்க விதை எங்கிட்ட இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று தெரிந்ததால் மூச்சுவிடாமல் முடித்தாள்.

போனில் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"இப்ப எத்தனை நிக்குது?"

"பதினாலு. அதுலயும் எம்புட்டுத் தேறும்னு சொல்ல முடியலக்கா."

"அந்த மனுசன் அங்கனதான இருக்காரு? சாயங்காலம் வரைக்கும் அங்கனயே இருக்கட்டும். எனக்கு ஆத்திரம் அடங்கணும்."

நல்லகாமன் அன்று பகல் முழுவதும் அந்த அறையிலேயே இருந்தார். ஒரு மணிக்கு ஒரு தடவை இருவருமாக உறையை லேசாகத் தூக்கிப் பார்த்து, மறுபடி மூடினார்கள். மூன்று மணிவாக்கில் கடைசி வரிசையில் ஒரு நாற்றின் நடுக்குருத்து விறைப்பாக நின்றதை அவர்தான் முதலில் பார்த்தார். சொன்னால் திருஷ்டி பட்டுவிடுமோ என்பது போல விரலால் மட்டும் காட்டினார்.

வெள்ளிக்கிழமைக்குள் மேலும் மூன்று போயின. பதினொன்று நின்றன. தினமும் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றுக்குப் பழக்கினாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அழகம்மாளும் வந்தாள், கணவர் இரண்டடி பின்னால் வர. ஒல்லியான மனுஷி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக மாடிக்குப் போனாள். ஒவ்வொரு கப்பாகத் தூக்கி, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆயிஷா கதவோரமாக நின்றாள்.

"ஏன் அவசரப்பட்ட?"

"அண்ணன் வந்து பாத்து மெச்சணும்னு ஆசைப்பட்டேன்க்கா."

அழகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி ஏழு கப்புகளை அடுக்கினாள். மீதி நாலைத் திரும்பவும் அடுக்கில் வைத்தாள்.

"இது உங்கிட்ட இருக்கட்டும்."

"வேண்டாம்க்கா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் பயமில்லையா? எல்லாத்தையும் ஒரே வீட்டுல வச்சிருந்து எலிக்குக் கொடுத்தேன். ரெண்டு வீட்டுல இருக்கட்டும். காய்ச்சதும் ரெண்டு பழத்த விதைக்கு விடு. நானே வந்து வாங்கிக்கிருவேன்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழகம்மாள் ஆட்டோவில் ஏறினாள். மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னாள். வண்டி திண்டுக்கல் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த ஆயிஷா, படிகளில் வேகமாக ஏறி மாடி அறைக்குப் போனாள். நாலும் நிமிர்ந்துதான் நின்றன. இருந்தாலும் ஒவ்வொன்றின் மண்ணிலும் விரலை வைத்துப் பார்த்தாள்.