மூன்று விளிம்பு வேல்

மொச்சைக் காட்டில் மயிலைக் காளை விழுந்து கிடக்கிறது என்று செல்லமுத்து வாசலில் நின்று கத்தியபோது, இருசாயி களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டுப் புருஷன் பின்னால் ஓடினாள்.

காளை விடியற்காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் நனைந்த இளங்கொடியை வயிறு முட்டத் தின்றிருந்தது. இப்போது வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இடப்பக்க வயிறு முதுகெலும்புக்கு மேலே எழும்பி நின்றது. செல்லமுத்து அதைத் தட்டினான். பறைபோல ஒலித்தது.

மூங்கில் குழாயில் நல்லெண்ணெயும் பெருங்காயமும் ஊற்றிப் பார்த்தார்கள். வாயில் குறுக்காகக் கட்டை கட்டிப் பார்த்தார்கள். ஏப்பம் வரவில்லை. மாட்டு வைத்தியர் மலையடிவாரத்தில் இருந்தார். இறங்கிப் போய் அழைத்துவர ஒரு பகல் ஆகும். காளைக்கு அத்தனை நேரம் இல்லை.

ஊர்க்கவுண்டர் மாதன் தடியூன்றி வந்து சேர்ந்தார். இருசாயிக்குப் பெரியப்பா முறை. குனிந்து காளையின் கண்ணைப் பார்த்தார்.

"போற உசுரு போவட்டும் கண்ணு. வாயில தண்ணிய விடு."

"ஒத்த மாட்ட வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க பெரியப்பா ஏரு பூட்டறது?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நானா மொச்சைய ஊட்டி உட்டேன்?"

மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் அந்தக் காளையைத் தெரியாதவர்கள் இல்லை. இருசாயியின் அப்பன் செங்கோடன் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் மாட்டுப்பட்டி பார்த்தவர். ஐந்து வருஷத்துக்கு முன் அங்கிருந்து இந்தக் காளையோடும், இடுப்புத் துணியில் சுற்றிய ஓர் இரும்போடும் ஊர் திரும்பினார். வந்த வாரமே மலைக்காய்ச்சலில் நினைவு தப்பிச் செத்தார். அந்த இரும்பு என்னவென்று சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. சாண் நீளக் கம்பி. ஒரு முனையில் மரப்பிடி, பிடியை ஒட்டி வட்டமான தகடு, மறுமுனையில் மூன்று விளிம்பாகத் தீட்டிய கூர்மை. ஊரில் ஒருவரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வேல்தான் என்று மாதன் தீர்த்துச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடிக் கருப்பனார் முன் அதை நட்டு, வருஷந்தோறும் எண்ணெயும் மஞ்சளும் பூசி வந்தார்கள்.

காளையின் இடப்பக்க வயிற்றில் ஒரு சுழி இருந்தது. அந்த இடத்தில் சுழியுள்ள மாட்டை யாரும் கண்டதில்லை. ஆலத்தூர் நாட்டிலிருந்துகூட வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இருசாயி அந்த இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் விறைத்து மயிர் விலகியிருந்தது. அவள் விரல் நின்றது. அது சுழியே இல்லை. மயிருக்கு அடியில் வெளுத்த தழும்பு ஒன்று, நடுவிலிருந்து மூன்று கோடாகப் பிரிந்திருந்தது. மயிர் அதைச் சுற்றி வளைந்து முளைத்திருந்தது.

அவள் எழுந்து பலாமரத்தடிக்கு ஓடினாள். வேலைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏ புள்ள! சாமி வேலு அது!" செல்லமுத்து பதறினான்.

அவள் கூர்முனையைத் தழும்பின் மேல் வைத்துக் காட்டினாள். மூன்று விளிம்பும் மூன்று கோட்டில் படிந்தன.

"எங்கப்பன் இத இங்கதான் குத்தியிருக்காரு. இதே மாதிரி ஊதிக் கெடந்தப்ப. குத்தியும் இது பொழைச்சிருக்குது, பாருங்க."

"குத்துனதால பொழைச்சுதா, குத்தியும் பொழைச்சுதா, ஆருக்குத் தெரியும்?" என்றார் மாதன். குரல் தணிந்திருந்தது. "இரும்பு பாய்ச்சி மாடு செத்தா என்ன ஆவும்னு தெரியுமில்ல? என் பொண்ணு மாதிரின்னு நான் பாக்க முடியாது."

தெரியும். போன வருஷம் ஒருவன் கோபத்தில் கொடுவாளை வீசினான்; காளை செத்தது. நாட்டுப் பஞ்சாயத்து அவனைத் தள்ளி வைத்தது. அவன் வீட்டு அடுப்புக்கு யாரும் நெருப்பு கொடுக்கவில்லை. அவன் தாய் செத்தபோது தூக்க ஆள் வரவில்லை. குடும்பமே மலையிறங்கிப் போய்விட்டது.

"உட்டுரு புள்ள," என்றான் செல்லமுத்து. "மாடு தானாச் செத்தா நட்டம். நீ குத்திச் செத்தா நாம இல்ல."

இருசாயி முந்தானையால் இரும்பை அழுந்தத் துடைத்தாள். வருஷக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு உரிந்து வந்தது. தகட்டுக்கும் பிடிக்கும் நடுவே மயிரிழைபோல ஓர் இடைவெளி தெரிந்தது. பிடியைத் திருகினாள். அசையவில்லை. காலால் தகட்டை மிதித்துக்கொண்டு மறுபடி திருகி இழுத்தாள். கம்பி உருவிக்கொண்டு வெளியே வந்தது. காலடியில் கிடந்தது தகடு வைத்த வெறும் குழல். அதை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். மறுபக்கம் மொச்சைக் கொடி தெரிந்தது.

"வேலுக்கு எதுக்குங்க பெரியப்பா ஓட்டக் குழலு?"

மாதன் குனிந்து குழலின் ஓட்டையைப் பார்த்தார். காளையின் மூச்சு நின்று, மறுபடி ஒரு முறை வந்தது.

அவள் கம்பியைக் குழலுக்குள் செருகினாள். முனையைத் தழும்பில் வைத்து, பிடியில் உள்ளங்கையை அழுத்தி, உடம்பின் பாரத்தை இறக்கினாள். தோல் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு திடீரென்று இடம் விட்டது. தகடு தோலில் போய் முட்டி நின்றது. காளை ஒரு காலை உதைத்தது. ரத்தம் கசிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"போச்சு," என்றான் செல்லமுத்து.

குழலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் கம்பியை உருவினாள். சீறிக்கொண்டு காற்று கிளம்பியது. புளித்த நாற்றத்தில் மாதன் துண்டால் மூக்கைப் பொத்தினார். பச்சை நுரை தெறித்தது, குழல் அடைத்துக்கொண்டது, அவள் கம்பியை உள்ளே விட்டு எடுத்தாள், மறுபடி சீறியது.

வயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஆனால் காளை தலை தூக்கவில்லை. தோல் இறங்க இறங்கக் குழல் சாயப் பார்த்தது. இருசாயியின் விரல்கள் மரத்துப்போய்விட்டன.

"ஏனுங்க, செத்த நேரம் புடிங்க. என்னால முடியல."

செல்லமுத்து மாதனைப் பார்த்தான். தொட்டால் பழியில் அவனுக்கும் பங்கு. அவள் கை நழுவத் தொடங்கியது. அவன் மண்டியிட்டு உட்கார்ந்து குழலைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, ரெண்டு பேருமா," என்றார் மாதன். அவர் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டார். செத்தால் நாட்டுக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

வெயில் ஏறியது. சீறல் நின்று போனது. காளை முன்னங்காலை மடக்கி நெஞ்சால் நிமிர்ந்தது, எழுந்திருக்கவில்லை. மூவரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தடியில் ஓர் உருண்டை மேலேறியது. தாடை பக்கவாட்டில் மெல்ல அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அசை போடத் தொடங்கிவிட்டது.

செல்லமுத்து அழுதான். இருசாயி நுரை வழிந்த கம்பியைப் புல்லில் துடைத்தாள்.

மாதன் தடியை ஊன்றி எழுந்தார். "இனி அத அங்க நட வேண்டாம். கருப்பனாருக்கு நான் கொல்லங்கிட்டச் சொல்லி வேற அடிச்சுத் தாரேன்." இரண்டடி நடந்தவர் திரும்பினார். "என் செவலைக்கும் ஒரு நாளு வவுறு ஊதும் சாமி. கூப்பிட்டா வந்துரு."

"தள்ளி வெக்க மாட்டீங்களே?"

"அது செவலை பொழைக்கறதப் பொறுத்து," என்று சொல்லிவிட்டு அவர் வரப்பில் நடந்தார்.