பெரியவர் துழாவிய ஞாயிற்றுக்கிழமை

துறைமுகக் கேண்டீன் சமையல்காரருக்கு ஐம்பத்தொரு வயது நடந்துகொண்டிருந்தபோது அவருடைய வலது கைக்கு ஐம்பத்தொன்பது வயது. இடது கை, இரண்டு கால்கள், தொப்பை எல்லாவற்றுக்கும் அவருடைய வயதுதான். வலது கை மட்டும் தோளிலிருந்து விரல் நுனி வரை எட்டு வருடம் முன்னால் போயிருந்தது. அதில் முடி நரைத்து, தோல் தளர்ந்து, புறங்கையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. மழை வந்தால் அதற்கு மட்டும் மூட்டு வலித்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க கை. இது உங்க அண்ணன் கை மாதிரி இருக்கு" என்று சொல்லி, வலிக்கு ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். அன்று முதல் வீட்டில் அந்தக் கைக்குப் பெரியவர் என்று பெயர். மனைவி தைலக் குப்பியோடு வந்து, "பெரியவரை இப்படி நீட்டச் சொல்லுங்க" என்பாள். தெருக்காரர்கள் அவரோடு கைகுலுக்கும்போது மரியாதைக்குக் கொஞ்சம் குனிந்து குலுக்கினார்கள்.

கை இப்படி முந்திக்கொண்டதற்குக் காரணம் சாதம். சரக்குக் கப்பல் ஒன்று பழுதாகி மூன்று வாரம் துறைமுகத்தில் நின்றபோது, அதன் சமையல்காரர் பொழுது போகாமல் கேண்டீனில் வந்து உட்கார்ந்து கற்றுக்கொடுத்த சமையல் அது. வெள்ளைச் சதை மீனை முள் நீக்கி, உப்பும் மிளகும் தடவி, ஆரஞ்சையும் எலுமிச்சையையும் வட்டவட்டமாக நறுக்கி அடியிலும் மேலும் அடுக்கி, நான்கு துண்டு வெண்ணெய் வைத்து ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். அதற்குத் துணையாகக் குட்டை அரிசியை வெண்ணெயில் வறுத்து, மீன் முள் கொதித்த சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கடைசியில் பாலேடு சேர்த்து, சோற்றுக்கும் கூழுக்கும் நடுவே ஒரு பதம் வரும்வரை மரக்கரண்டியால் துழாவ வேண்டும். நடுவில் கையை எடுக்கவே கூடாது. இருநூறு பேருக்குப் பொங்கிப் போடும் கேண்டீனில் இந்தச் சொகுசுக்கு இடமில்லை. மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு ஞாயிறு மதியம் வீட்டில் செய்து பார்த்தார். சுவர்க் கடிகாரம் ஒன்று பத்தில் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அவரும் மனைவியும் நினைத்தார்கள். குழாயிலிருந்து விழுந்த ஒரு சொட்டு தொட்டிக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருப்பதை மகள்தான் முதலில் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள்காரர் பெடலை மிதித்த நிலையில் சாயாமல் நின்றிருந்தார். அரைமணி நேரம் துழாவி அவர் கரண்டியை எடுத்ததும் சொட்டு விழுந்தது, சைக்கிள் போனது, கடிகாரம் நடந்தது. சாதம் பதமாக வந்திருந்தது. கரண்டி ஓடும்வரை அந்தச் சமையலறைக்குள் இருப்பவர்களுக்கு நேரம் உண்டு, வெளியே யாருக்கும் கிடையாது என்று நாலைந்து ஞாயிறுகளில் புரிந்தது. உள்ளே இருப்பவர்களுக்குப் பசிக்காது, தூக்கம் மட்டும் வரும். துழாவும் கையோ கிடுகிடுவென்று முதிரும். மீன் வேகவும் வேகாது, கருகவும் கருகாது. கரண்டி நின்ற பிறகு அதற்குப் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும்.

அந்த அரைமணி நேரத்தைக் குடும்பம் மிச்சம் மீதி இல்லாமல் செலவழித்தது. மகள் திங்கட்கிழமைக்கான வீட்டுப்பாடத்தை அங்கேதான் முடித்தாள். பஸ் நிலைய டிக்கெட் கவுன்டரில் வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கும் மனைவி காலை நீட்டி ஒரு தூக்கம் போட்டாள். மாடி வீட்டு டீச்சர் பரீட்சைத் தாள் கட்டோடு வந்தார். பக்கத்து வீட்டு டிரம்பெட்காரர், யாருக்கும் தொந்தரவில்லாமல் சாதகம் செய்ய வந்து, இரண்டாவது வாரமே திருப்பி அனுப்பப்பட்டார். மீட்டர் சரியாக ஓடவில்லை என்று மின்சார ஆபீசிலிருந்து வந்தவர் ஒரு ஞாயிறு முழுவதும் உள்ளே நின்று பார்த்துவிட்டு, "குறையொன்றும் இல்லை" என்று எழுதி, மீனும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் கறாராக இருந்தது. கரண்டியைப் போடுமுன் சமையல்காரர், "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" என்று கேட்பார். மனைவி வாசற்படியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்டக்டர் குரலில் "ரைட்!" என்பாள். அதற்குப் பிறகுதான் கரண்டி. ஏனென்றால் படிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அப்படியே நின்றுவிடுவார். அந்த அரைமணி அவர் வாழ்க்கையில் வராது.

பதினெட்டு வருடம் இப்படி ஓடியது. மகள் கட்டட வரைபடம் வரையப் படித்தாள். கடலுக்கு அப்பால் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தில் மூன்று வருட வேலை கிடைத்தது. அவள் கிளம்ப வேண்டிய நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. இரண்டரைக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஒரு மணிக்கே வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. சமையல்காரர் மீனை ஓவனில் வைத்தார், அரிசியை வறுத்தார், மகள் ஆரஞ்சு நறுக்கிய பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மனைவி மூடாத பெட்டியின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, "இந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தாள். கடிகாரம் ஒன்று பத்தைத் தொட்டது. சமையல்காரர் எதுவும் கேட்கவில்லை. கரண்டியைப் போட்டார்.

கூடத்தில் அம்மா வாயைத் திறந்தபடி நின்றுபோனதை மகள் பார்த்தாள். "அப்பா, அம்மா வெளிய இருக்காங்க!" என்றாள். "அரைமணிதானேடா கண்ணு. இருக்கட்டும்" என்றார் அவர். ஆனால் அரைமணிக்குப் பிறகும் கரண்டி நிற்கவில்லை. மகள் பலகையைத் துடைத்தாள், தட்டுகளை அடுக்கினாள், பிறகு தரையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுந்தபோதும் கடிகாரத்தில் ஒன்று பத்துதான். ஜன்னலுக்கு வெளியே கார் டிரைவர் பாதிக் கொட்டாவியில் இருந்தார். அவருடைய கடைவாய்ப் பல்லில் அடைப்பு வைத்திருப்பது வரை தெரிந்தது. "தூங்கினியா? சரி, உக்காரு. என்ன அவசரம்" என்றார் அப்பா, துழாவியபடியே.

அதற்குப் பிறகு அவள் தூங்கி எழுவதைத்தான் அவர்கள் நாள் என்று எண்ணிக்கொண்டார்கள். முதல் சில நாட்கள் இருவருக்கும் கொண்டாட்டமாகவே இருந்தது. ஒரு கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் ரம்மி ஆடினார், தோற்றால் பவர் சரியில்லை என்று மூக்குக்கண்ணாடியைக் குறை சொன்னார். தன் அப்பா தன்னைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன கதையை முதன்முறையாகச் சொன்னார். நீலப் பீங்கான் தட்டை உடைத்தது எதிர் வீட்டுப் பூனை இல்லை, தான்தான் என்று அவள் பதினைந்து வருடம் கழித்து ஒப்புக்கொண்டாள். "அந்தப் பூனையை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்!" என்று அவர் வருத்தப்பட்டார். நான்காம் நாள், புது ஊரில் ஒருவரையும் தெரியாதே என்று சொல்லி அழுதாள். ஆறாம் நாள் அளவுநாடாவை எடுத்து அந்தச் சமையலறையை அளந்து, அலமாரியின் கீல், ஓவனின் கைப்பிடி, ஜன்னலின் விரிசல் எதையும் விடாமல் ஒரு முழு வரைபடம் போட்டாள். அவருக்குக் கண் சொருகும்போது நின்றவாக்கிலேயே சுவரில் சாய்ந்து தூங்கினார். பெரியவர் பாட்டுக்குத் துழாவிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாளுக்குப் பிறகு மகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வாசற்படியில் கால்விரல்களை வைத்து உட்கார்ந்து கூடத்தையே பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் எழுந்ததும், "அம்மா ஒன்பது ஓடு தள்ளி இருக்காங்க" என்றாள்.

"என்னது?"

"தரை ஓட்டை எண்ணினேன். ஒன்பது. அவங்க காதுக்குப் பின்னாடி ஒரு வெள்ள முடி இருக்குப்பா. இத்தனை நாள்ல இப்பதான் பாத்தேன். எட்டித் தொடலாம்னா படியத் தாண்டணும், தாண்டினா நானும் நின்னுடுவேன்."

அவர் சாதத்தைப் பார்த்துக்கொண்டு துழாவினார்.

"எல்லாரும் வந்தாச்சான்னு நீங்க கேக்கவே இல்ல. மறந்துட்டீங்களா, கேக்கலையா?"

சமையல்காரருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். கரண்டியைப் போடும்போதே தெரியும். "கேட்டிருந்தா உங்கம்மா அரைமணியில என் கையிலேர்ந்து கரண்டியைப் புடுங்கியிருப்பா. ஊர்ல எல்லாரையும் பஸ் ஏத்தி அனுப்புறவ. அவளுக்கு அனுப்பத் தெரியும். எனக்குத் தெரியாது."

"அதனால அம்மாவ வெளிய விட்டுட்டீங்க."

"அவளுக்கு ஒரு நிமிஷம்கூட நஷ்டமில்லையே கண்ணு. அவளுக்கு நேரமே போகல."

"அதத்தான்பா நானும் சொல்றேன். நமக்குப் பன்னெண்டு நாள். அவங்களுக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல."

கரண்டி கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. "போனா வருவியா?" என்று அவர் கேட்டார். பன்னிரண்டு நாளாகக் கேட்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"போனாத்தானே வர முடியும்? இப்படியே நின்னா நான் போகவும் இல்ல, வரவும் இல்ல. இந்த மீன் வேகவும் வேகாது. எனக்குப் பசிக்கணும்பா. பசிச்சு, மூணு பேரும் உக்காந்து சாப்பிட்டுட்டு, அப்புறம் போகணும்."

அவர் கரண்டியை விட நினைத்தார். விரல்கள் விடவில்லை. பன்னிரண்டு நாள் பிடித்த பிடி மரத்துப்போய்க் காம்போடு ஒட்டியிருந்தது. மகள் பக்கத்தில் வந்து, சின்ன வயதில் அவர் மூடிய கைக்குள் மிட்டாய் தேடுவதைப் போல, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரலைப் பிரித்ததும் கரண்டி சரிந்து நின்றது.

"...பூட்டவே மாட்டேங்குது!" என்றாள் கூடத்தில் மனைவி. டிரைவரின் கொட்டாவி முடிந்தது. ஓவனுக்குள் வெண்ணெய் சடசடத்தது. ஆரஞ்சும் எலுமிச்சையும் சூடேறும் வாசனை பன்னிரண்டு நாள் காத்திருந்ததுபோல ஒரேயடியாகக் கிளம்பி வீட்டை நிறைத்தது. பசி இருவரையும் வயிற்றில் குத்தியது. மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு காதுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாள். "என்னடி இது, இப்பத்தானே என்னைத் தாண்டிப் போன?" என்று சிரித்துக்கொண்டே சமையலறைக்கு வந்த மனைவி, சீட்டுக்கட்டையும், சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தையும், கடைசியாகக் கணவரின் வலது கையையும் பார்த்தாள். கை ஒரே மூச்சில் நான்கு வருடம் போயிருந்தது. நரம்புகள் புடைத்து, தோல் மெழுகுத்தாள்போல ஆகியிருந்தது. கவுன்டரில் உட்கார்ந்து பழகியவள், முகத்தைப் பார்த்தே யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். "பெரியவர் ரொம்பத் தளர்ந்துட்டார்" என்று மட்டும் சொன்னாள். தட்டை எடுத்துப் போட்டாள். மீன் இதழ் இதழாக உதிர்ந்தது, சாதம் தட்டில் மெல்லப் பரவி அதைத் தாங்கிக்கொண்டது. மூவரும் வழித்துச் சாப்பிட்டார்கள். ஒன்று ஐம்பதுக்குக் கார் கிளம்பியது. மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், தெரு முனை வரை.

மனைவி எட்டு நாள் அவரோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் தைலக் குப்பியை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து, பெரியவரைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க. முதல் நாள்லேர்ந்து. ஒண்ணையும் முழுங்கக் கூடாது" என்றாள். அவர் சொன்னார். அந்தப் பன்னிரண்டு நாளைச் சொல்லி முடிக்க ஆறு வருடம் பிடித்தது. அவள் குறுக்குக் கேள்வி கேட்டாள். மகள் அழுதபோது எந்தச் சுவரில் சாய்ந்திருந்தாள், பூனைக் கதையைச் சொன்னபோது சிரித்துக்கொண்டு சொன்னாளா, தலை பின்னியிருந்தாளா, அவிழ்த்துவிட்டிருந்தாளா. ஞாபகம் வராத இடத்தில் அவர் தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தாள். போகப் போக அவளே, "இல்லைங்க, ரம்மியில நீங்க தோத்தது மூணாம் நாள், ரெண்டாம் நாள் இல்ல" என்று திருத்தத் தொடங்கினாள். அவள் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது. ஞாயிறுதோறும் மீனை அவர் ஓவனில் வைப்பார், சாதத்தை மனைவி துழாவுவாள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சாதம் நன்றாகவே வந்தது.

மகளின் மூன்று வருட வேலை இன்னும் மூன்று வருடம் நீண்டது. ஒற்றை அறை, பொம்மை அளவு ஓவன், மீன் இரண்டு தடவை கருகியது, மூன்றாம் தடவை பரவாயில்லை என்று எழுதினாள். கல்யாணப் பேச்சு எதுவும் கடிதத்தில் இல்லை. இங்கே பெரியவர் பன்னிரண்டு வருடம் தாண்டி, இனி வரப்போகும் நாட்களில் வாழ்ந்துகொண்டிருந்தார். சமையல்காரர் எங்கும் சுட்டுக்கொள்ளாமலேயே ஒருநாள் அந்த மணிக்கட்டில் ஆறிப்போன ஒரு தீப்புண் தழும்பு வந்திருந்தது. இனி எப்போதோ சுடப்போகிறது என்று இருவரும் அதற்கும் தைலம் தடவினார்கள்.

ஆறாம் வருடத்தின் கடைசியில், ஒரு காலையில் மீன் வாங்கப் போகும் வழியில், சமையல்காரர் திடீரென்று நடையைக் குறைத்தார். வலது கை பாதி மூடி, கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்ல. பெரியவர் எதையோ புடிச்சிருக்கார்."

"என்னத்தை?"

"சின்னதா இருக்கு. சூடா. அஞ்சு விரல் இருக்கு. கொஞ்சம் பிசுபிசுன்னு வேற."

"ஆரஞ்சு உரிச்சுத் தின்னிருக்கும்" என்றாள் மனைவி. நடுத்தெருவில் நின்று மகளின் இன்றைய வயதோடு பன்னிரண்டை மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவளுக்கு எழுதலாமா?"

"சும்மா இருங்க. அவளே சொல்லட்டும்." இத்தனை வருடம் இடது பக்கமே நடந்து பழகியவள், சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். நடுவே கொஞ்சம் இடம் விட்டாள். "இந்த வேகத்துக்கு அதால வர முடியாது. சின்னக் கால். மெதுவா வாங்க."

அவர் அடியைக் குறைத்து வைத்தார். எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் இருவரையும் பார்த்தார், நடுவில் இருந்த இடத்தையும் பார்த்தார், சைக்கிளை ஓரம் கட்டி மூன்று பேருக்கும் வழி விட்டார்.