பதினோராம் பக்கத்தில் இருந்த மைதானம்

உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஸ்ரீகுமாரி நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒன்பது மெஷின்கள் இருந்தன. ஆறு ஆங்கிலம், இரண்டு மலையாளம், ஒன்று தமிழ். மூன்று மொழியிலும் தட்டத் தெரிந்த ஆள் பாறசாலை வரைக்கும் வேறு யாரும் இல்லை என்பதால், பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவளிடம்தான் வரும். தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில், துலா மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கையுறைக் கம்பெனி மேனேஜர் மோகனன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மேஜைமேல் நாற்பது பக்கக் கட்டு ஒன்றை வைத்தார்.

கம்பெனி காரக்கோணம் போகும் வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் சரிவில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கையுறை செய்து கப்பலில் அனுப்பினார்கள். இரண்டாவது யூனிட் கட்ட ஒரு வெளிநாட்டு வங்கி கடன் தருவதாக இருந்தது. கொடுக்கும் முன் நூறு நிபந்தனை. கழிவுநீர் இப்படி இருக்க வேண்டும், புகை இப்படி, தொழிலாளிக்கு முகமூடி இப்படி. அதில் ஒன்று, ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி, கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது.

"தமிழிலும் மலையாளத்திலும் வேணும், டீச்சரே. எட்டு நாளு உண்டு. பேங்கிலருந்து ஒரு மேடம் வருது. கூட்டத்தில பேசுறத அவங்களுக்கு இங்கிலீஷில எடுத்துச் சொல்லவும் நீங்க தன்னே வேணும்."

ஸ்ரீகுமாரிக்கு உள்ளூரப் பெருமைதான். அன்றே உட்கார்ந்துவிட்டாள். கையுறையின் பிசுபிசுப்பைப் போக்கக் குளோரின் வாயு பயன்படுத்துகிறார்கள், அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும் என்பதெல்லாம் அவளுக்குப் புதுச் சங்கதி. இரண்டு நாள் விறுவிறுவென்று போயிற்று. பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.

'சைரன் ஒலித்ததும் பொதுமக்கள் ரயில்வே காலனி மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் கூட வேண்டும். அடுத்துள்ள பஞ்சாலையின் தீயணைப்பு வண்டி உதவிக்கு வரும்.'

அவள் பிறந்து வளர்ந்த இடம் அது. அங்கே ரயில்வே காலனி கிடையாது. பஞ்சாலை கிடையாது. இருந்தாலும் மறுநாள் சாயங்காலம் சரிவுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மேலே ரப்பர், நடுவில் கம்பெனி மதில், மதிலை ஒட்டி முப்பது வீடுகள், கீழே பள்ளத்தில் வாழை வைத்த ஏலா, அந்த வயல் ஓரத்தில் தோடு என்கிற சின்ன ஓடை. வேறு எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனிக்கு யாரோ எழுதிய திட்டத்தை, பேரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மோகனனிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரிக்கக்கூடச் செய்யவில்லை. "உள்ளத உள்ளதுபோல மொழி மாத்தித் தந்தா மதி, டீச்சர். கேட்டில ஒட்டி ஒரு போட்டோ எடுக்கணும். ஆரு நின்னு வாசிக்கப் போறாங்க?"

காலனியை எடுத்துவிட்டு வாசகசாலை என்று போடலாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். ஆனால் வாசகசாலை மேட்டிலா பள்ளத்திலா, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், அவளுக்கு என்ன தெரியும்? தெரியாததை எழுதுவதைவிட இருப்பதை எழுதுவது மேல் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஓரத்தில் ஒரு குறிப்புகூட எழுதாமல், ஒரு வார்த்தை பிசகாமல் இரண்டு மொழியிலும் தட்டி, கேட்ட நாளில் கொடுத்தாள்.

கூட்டம் வாசகசாலையில். எழுபது பேர் வந்திருந்தார்கள். கம்பெனியில் கையுறை தரம் பிரிக்கும் பெண்களும் அவர்கள் வீட்டாரும்தான் பாதி. வங்கி அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மழையில் நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார். மோகனன் கம்பெனியின் பெருமையைச் சொல்லி முடித்ததும் அவர் ஸ்ரீகுமாரி பக்கம் திரும்பினார். "திட்டத்தை இவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முழுவதும்."

வாசித்தாள். பதினோராம் பக்கம் வந்ததும் குரல் தானாகத் தாழ்ந்தது. ஆனாலும் கேட்டுவிட்டது.

"டீச்சரே, அந்த மில்லு எங்க நிக்கியது?" என்றார் பின் வரிசையிலிருந்து நேசையன். ரப்பர் வெட்டுகிறவர்; அவர் மகள் ஷெர்லி கம்பெனியில் வேலை பார்த்தாள். "எலே, நம்ம ஊர்ல ரயில்வே காலனி வந்த வெவரம் ஆருக்காவது தெரியுமா?"

வாசகசாலை குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் முன் வரிசையில் மார்கிரெட் எழுந்தாள். மதிலை ஒட்டிய வீட்டுக்காரி, நாற்பது வயது. பேசும்முன் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"சிரிக்காதுங்கோ. போன கர்க்கடக மாசத்தில ஒரு நாளு காலத்த ஒரு மணம் வந்துதே, ஓர்மை உண்டா? ப்ளீச்சிங் பவுடரு நனைஞ்சு போச்சுண்ணு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. கண்ணு எரிஞ்சுது. தண்ணிப் பக்கம் போனா கொறையுமுண்ணு நான் ஏலாவுக்கு ஓடினேன். அங்க போனப்பமாக்கும் மூச்சு முட்டிச்சு. அண்ணைக்குத் தொடங்கின இருமலு. எங்க ஓடணும்ணு ஒருத்தரும் சொல்லித் தரல்ல."

கசிந்த வாயு பள்ளத்தில் தங்கும் என்று ஸ்ரீகுமாரியே தட்டியிருந்தாள். அந்த அம்மாள் ஓடியது நேரே அதற்குள்.

"ஏன் சிரித்தார்கள்? இவர் என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி கேட்டார்.

மோகனன் மெல்லக் குனிந்தார். "எல்லாருக்கும் சந்தோஷம்ணு சொன்னா மதி."

சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஸ்ரீகுமாரி மார்கிரெட் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காததையும் சொன்னாள். "அவர்கள் சிரித்தது பதினோராம் பக்கத்தைக் கேட்டு. அது இந்த ஊர் இல்லை. மொழிபெயர்க்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் தட்டிக் கொடுத்தேன்."

அதிகாரி அவளைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடன் நிறுத்திவைக்கப்பட்டது. கர்க்கடகத்துச் சம்பவத்தைக் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. குளோரின் அறையை நான்கு மாதம் பூட்டினார்கள். அறை பூட்டினால் கையுறை இல்லை, கையுறை இல்லாவிட்டால் வேலை இல்லை. அறுபது பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களின் தங்கைகள் டைப் பழக வருவது நின்றது. மூன்று மெஷின்களுக்கு உறை மாட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நேசையன் எதிர்ப்பட்டார்.

"நான் சும்மா தமாசுக்குக் கேட்டதாக்கும், டீச்சர். நீங்க அத இங்கிலீஷில சொல்லிட்டிய. எனக்க மக திருப்பூருக்குப் போயிட்டா."

"மார்கிரெட் அக்கா சொன்னத மட்டும் எப்படிச் சொல்லாம இருப்பேன், அண்ணாச்சி?"

"சொல்லாண்டாம்ணு சொன்னனா? சொல்லணும். ஆனா எனக்க மக போயிட்டா." அவர் பஸ் ஏறிப் போனார். இரண்டும் உண்மைதான் என்று நினைத்தபடி அவள் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றாள்.

மாசி மாதம் கம்பெனி ஒரு பாதுகாப்பு இன்ஜினியரை எடுத்தது. சதாசிவன் என்ற அந்த ஆள் வந்ததும் ஸ்ரீகுமாரியைக் கூப்பிட்டனுப்பினார். திட்டத்தைப் புதிதாக எழுத வேண்டும், ஊரிடம் கேட்டு எழுத வேண்டும் என்றார். இரண்டு வாரம் வீடு வீடாக நடந்தார்கள். கம்பில் துணி கட்டிக் காலையும் மாலையும் காற்று பார்த்தார்கள். கீழே போகாதே, காற்றுக்குக் குறுக்கே மேட்டுக்கு ஏறு, தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் முற்றத்தில் கூடு என்று முடிவாயிற்று. ஸ்ரீகுமாரி சுத்தமாகத் தட்டினாள். எல்லாம் இந்த ஊர்ப் பெயர்கள்.

ஒத்திகை நாளில் சைரன் ஊதியதும் பிள்ளைகள் முதலில் ஏறினார்கள். பெரியவர்கள் பின்னால். பாதி மேட்டில் மார்கிரெட் ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு ஏறி இறங்கியது. ஸ்ரீகுமாரி ஓடி வந்து அருகில் குனிந்தாள்.

"அக்கா, இத யோசிக்காம விட்டுட்டோம். உங்க பேர எழுதி, தூக்கிட்டு வர ரெண்டு ஆளும் எழுதணும்."

"எனக்க பேரு வேண்டாம் மக்கா. ஏற முடியாதவங்கண்ணு எழுது. நான் ஒருத்தி மட்டுமா?"

கணக்கெடுத்தார்கள். பதினான்கு பேர். பிரசவம் நெருங்கியவள், கால் போனவர், கண் தெரியாதவர். இரண்டாவது ஒத்திகையில் மார்கிரெட்டை நாற்காலியில் தூக்கியவர்களில் ஒருவர் நேசையன். "ஆட்டாதுங்கோ, கீழ போடவா கொண்டு போறிய?" என்று வழி நெடுக அவள் திட்டிக்கொண்டே போனாள். சதாசிவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி ஆள் முற்றத்துக்கு வரப் பத்தொன்பது நிமிஷம்.

"கேஸ் மதில்கிட்ட வர எவ்வளவு நேரமாகும், சார்?" என்று ஸ்ரீகுமாரி கேட்டாள்.

"அஞ்சு. கூடிப்போனா ஆறு."

எவ்வளவு சரியாக எழுதினாலும் மனிதர்கள் அவ்வளவு வேகமாக ஏற மாட்டார்கள். அப்படியானால் நகர வேண்டியது மனிதர்கள் இல்லை. குளோரின் சிலிண்டர்களை இந்தச் சரிவிலிருந்து எடுத்து, தோட்டத்தின் வீடுகள் இல்லாத மறுபக்கச் சரிவில் மூடிய அறையில் வைக்க வேண்டும் என்று சதாசிவன் வங்கிக்குக் கடிதம் எழுதினார். பத்தொன்பது நிமிஷத்தையும் பதினான்கு பேரையும் சேர்த்துத் தட்டியவள் ஸ்ரீகுமாரி. மோகனன் கையெழுத்துப் போட மூன்று வாரம் இழுத்தடித்தார். போட்டார்.

அடுத்த கோடையில் சிலிண்டர்கள் இடம் மாறின. வேலைக்குத் திரும்பிய பெண்கள் நாற்பத்தொரு பேர். ஷெர்லி திரும்பவில்லை, அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மார்கிரெட்டின் இருமல் மழைக்காலத்தில் கூடும், வெயிலில் குறையும். இன்ஸ்டிட்யூட்டைக் கடந்து போகிறபோது அவள் வாசலில் மூச்சு வாங்க நிற்பாள். ஸ்ரீகுமாரி ஒரு ஸ்டூலை வெளியே எடுத்துப் போடுவாள்.