பிரைட்டன் போட்ட கட்டு

என் இடது கை மீது எனக்கு ஒரு மாதமாகக் கோபம். சிக்குன்குனியா வந்து போனதிலிருந்து மணிக்கட்டு பிடித்தபடியே இருந்தது. அதோடு, கோயில் பாடகர் குழுவில் நான் வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம்ஸில், வேண்டாத இடத்தில் எல்லாம் சிம்பல் அலறத் தொடங்கியது. சிம்பல் என்று பேர்தான், அது ஒரு ரப்பர் வட்டு. உள்ளே இருக்கும் சென்சாரில் அதிர்வு பட்டால் சத்தம் வரும். கை நடுங்கி அதில் இடிக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

குழுவை நடத்தும் ஜேசுபாதம் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கை நல்லாவட்டும் ஜெர்லின். திருவிழாப் பூசைக்கு கீபோர்டுலயே தாளத்தப் போட்டுக்கிடுவோம்" என்றார். பள்ளிக்கூட நாளிலிருந்து வாசிக்கிறவள் நான். இனி அவ்வளவுதானா?

காற்று பலமென்று விசைப்படகுகள் போகாத ஒரு மதியம், தனியாக வாசித்துப் பார்க்கக் கோயிலுக்குப் போனேன். படகு வேலை இல்லாததால் என் வீட்டுக்காரர் பிரைட்டனும் கூட வந்தார். நாலு அடி அடிப்பதற்குள் சிம்பல் கத்தியது. ஆத்திரத்தில் குச்சியை அவர் மேலேயே எறிந்தேன்.

"என்னால முடியல. நீங்களே அடிச்சுப் பாருங்க!"

அவருக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். நடுவில் இருக்கும் ஸ்நேர் டிரம்மில் ஓங்கி ஒரு போடு போட்டார். பக்கத்துச் சிம்பல் 'ஜ்ஜாங்' என்றது.

"ஏளா, நான் அதத் தொடவே இல்லியே!"

நானும் தொடவில்லை. என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

"இன்னொருக்கா அடிங்க."

ஜ்ஜாங். அப்பாடா! கை இல்லை, என் கை இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பிறகுதான் குழாய்களில் இருந்த நைலான் கயிறு கண்ணில் பட்டது. நான் காய்ச்சலில் கிடந்தபோது, டிரம்ஸ் மாட்டிய குழாய்கள் ஆடுகின்றன என்று அவர்தான் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தார். படகுக்காரருக்கு எதுவும் ஆடக் கூடாது. அவர் அடிக்க, கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் விர்ரென்று ஏறியது. ஸ்நேரில் விழும் அடி கயிறு வழியாகச் சிம்பலுக்குப் போகிறது. அடித்தது எதை என்று சென்சாருக்குத் தெரியவா போகிறது?

"நல்லா இறுக்கித்தானே கட்டுனேன்?" அவர் முகம் தொங்கிவிட்டது.

"அதான் வம்பே. அவுத்து விடுங்க."

அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. கத்தியால் அறுத்தோம். குழாய்கள் ஆடாதிருக்க, அவற்றைக் கவ்வும் பிடிகளுக்குள் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்தார். ரப்பர் அதிர்வையும் பாதி விழுங்கிவிடும். மீதி லேசான அதிர்வுக்கெல்லாம் சிம்பல் வாய் திறக்காதபடி டிரம்ஸின் பெட்டியில், எவ்வளவு அதிர்ந்தால் சத்தம் வரலாம் என்ற அளவை மாற்றினேன். கூட்டினால் மெல்லிய அடி கேட்கவில்லை, குறைத்தால் மறுபடி ஜ்ஜாங். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சரிப்பட்டது. அன்றைக்கே ஜேசுபாதம் சாரை வரவழைத்து வாசித்துக் காட்டினேன். திருவிழாவுக்கு என்னையே வாசிக்கச் சொல்லிவிட்டார்.

திருவிழாப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது, நடுவே என் குச்சி தவறிப் பட்டு சிம்பல் ஒருதரம் தப்பாக அலறியது. சார் திடுக்கிட்டு டிரம்ஸையே பார்த்தார்.

"நாந்தான் சார்!" என்று பல்லைக் காட்டினேன். தப்பு பண்ணிவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்தக் கோயிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.