கன்னி மூலை மண்

என் வீட்டு மண்ணை எடுக்கச் சொல்ல இவர்கள் யார்? பேரூராட்சிக்காரர்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து எனக்கு இந்த ஒரு கேள்விதான். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, திருப்போரூரில் மனை வாங்கி வீடு கட்டினேன். பட்டா சுப்பிரமணி என்று என் பெயரில்தான் இருக்கிறது. பின்பக்கம் ஆறடி அகலத்துக்கு மழைத் தண்ணீர் போக வழி விடவேண்டும் என்று மனை வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்களாம். போட்டால் போடட்டுமே! நிலம் என்னுடையது இல்லையா?

அந்த ஆறடியையும் சேர்த்துத்தான் லாரி லாரியாகச் சவுடு மண் கொட்டி மூன்றடி உயர்த்தினேன். கேட்டவர்களிடம் தென்னை வைக்கப்போகிறேன் என்றேன். உண்மை என் மனைவி சாரதாம்பாளுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஒரே மகள் திவ்யா கல்யாணமாகி நாவலூரில் இருக்கிறாள். இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது முறை உண்டானதும் நான் வாஸ்து பார்ப்பவரைக் கூட்டி வந்தேன். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர், "தென்மேற்கு பள்ளமா கீதே. கன்னி மூலை தாழ்ந்தா வாரிசு நிக்காது" என்றார். அன்று சாயங்காலமே மண்ணுக்குச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் தாண்டியது, ஏழு தாண்டியது. பிரசவத்துக்கு இங்கே வந்தும்விட்டாள். மண் காப்பாற்றுகிறது என்று நான் நம்பினேன். பெற்றவன் வேறு எதைத்தான் நம்புவான்?

கெடு முடிந்த அன்று காலை கொட்டுகிற மழை. பேரூராட்சி என்ஜினியர் ராமதாஸ், மண்வெட்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். நான் மேட்டின்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, பதினஞ்சு வூட்டுத் தண்ணி இந்த வழியாத்தான் ஓடைக்குப் போவணும். தரையோட வாட்டமே இந்தப் பக்கம்தான் சரியுது. நீங்க குறுக்கால அணை கட்டி வச்சிக்கீறீங்க. தெருவுல தொடை மட்டும் தண்ணி நிக்கிது, பாருங்க."

"மழைன்னா நிக்காம இன்னா பண்ணும்? என்னை வெட்டிட்டு அப்புறம் மண்ண வெட்டு."

பக்கத்து வீட்டு தாவீது, ஆட்டோ ஓட்டுகிறவன், சுவருக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். "அண்ணாத்த, வூட்டுக்குள்ள தண்ணி வந்து பசங்க கட்டில் மேல குந்திகினு கீதுங்க. கொஞ்சம் மனசு வைய்யேன்."

"உன் வூட்ட பள்ளத்துல கட்டிக்கினு என்னாண்ட வந்து பேஜாரு பண்ணாத!"

சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போதுதான் பின்கதவில் சாரதாம்பாள் அலறினாள். "இன்னாங்க! திவ்யாவுக்குப் பனிக்குடம் ஒடஞ்சிடுச்சி!"

இன்னும் மூன்று வாரம் இருந்தது. ராமதாஸ்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் வந்துவிட்டது, ஆனால் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. தெருவுக்குள் இறங்கினால் என்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும் என்றார்கள்.

"நாற்காலியில வச்சித் தூக்கினு போலாம்" என்றேன்.

ராமதாஸ் தலையாட்டினார். "தெரு நெடுக சாக்கடைக்குத் தோண்டுன குழி கீதுய்யா. தண்ணிக்குள்ள எங்க கீதுன்னு எங்களுக்கே தெரியல. ஒருத்தன் கால் உள்ள போனா புள்ளத்தாச்சியும் சேந்து போவும். இந்த மண்ண வெட்டுனா அரை மணியில தெரு வடிஞ்சிடும்."

உள்ளே திவ்யா கத்துவது கேட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மானம் போய்விடும் என்பதற்காக இல்லை. பயம். இத்தனை மாதம் தாங்கிய மண்ணை இந்த நேரத்திலா எடுப்பது?

"சார், உனக்குப் புரியல! இது கன்னி மூலை! இத வெட்டுனா கொழந்த தங்காது சார்! ஏற்கெனவே ரெண்டு போச்சி!" எல்லோர் முன்னாலும் கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

தாவீது சுவரேறிக் குதித்தான். ஆளின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி என்னிடம் நீட்டினான். "நீயே வெட்டு அண்ணாத்த. நாங்க வெட்டுனா காலத்துக்கும் எங்க மேல பழி சொல்லுவ."

முருகா, என் கையாலேயா என்று மனசுக்குள் கதறிக்கொண்டு முதல் வெட்டு வெட்டினேன். பிறகு நானும் தாவீதும் அந்த இரண்டு ஆட்களும் மாறி மாறி வெட்டினோம். ஈரச் சவுடு காலைப் பிடித்து இழுத்தது. இரண்டடி அகலத்துக்குக் கால்வாய் திறந்ததும் தண்ணீர் தானே மிச்ச மண்ணை அரித்துக்கொண்டு பாய்ந்தது. தெருவில் முதலில் கேட்டின் கீழ்த் தாழ்ப்பாள் தெரிந்தது, அப்புறம் வாசல் படி, அப்புறம் குழிகள். ராமதாஸ் ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் ஒரு கம்பை நட்டு ஆம்புலன்சை வீட்டு வாசல்வரை வரவழைத்தார். திவ்யாவும் சாரதாம்பாளும் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு திவ்யா என் முகத்தைப் பார்த்தாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். ராமதாஸ் சமாதானமாக, "ஆறடிய விட்டுட்டு, மீதி மேட்ட உங்க எடத்துல வச்சிக்கங்கய்யா, யாரும் கேக்கமாட்டாங்க" என்றார். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். சும்மா நின்றால் செத்துவிடுவேன் போலிருந்தது.

மதியம் போன் வந்தது. என் கையெல்லாம் சேறு, தாவீதுதான் பட்டனை அழுத்திக் காதில் வைத்தான். சாரதாம்பாள், "பொண்ணு பொறந்துகீது. நல்லா கீது. அழுவுதே, கேக்குதா?" என்றாள். கேட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு போனைத் திவ்யா வாங்கினாள். குரல் களைத்திருந்தது.

"நைனா, நீ கத்துனது உள்ள கேட்டுச்சி. அந்த ரெண்டு தடவையும் நான் நாவலூர்லதான இருந்தேன்? மூணாவது மாடி. நம்ம வூட்டு மூலை அங்க இன்னா பண்ணும்? டாக்டர் எனக்கு தைராய்டுன்னாரு. இந்த தடவ மாத்திர போட்டேன், நின்னுச்சி. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

வாஸ்துக்காரரைக் கேட்டேன். லாரிக்காரனைக் கேட்டேன். என் பெண்ணை நான் கேட்கவே இல்லை.