வலி நின்ற நேரம்

ஆய்வுக்கூடத்தில், வெதுவெதுப்பான உப்புநீரில், தீக்குச்சி நீளத் தசைத்துண்டு ஒன்று பட்டுநூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சினை ஆட்டின் கருப்பைத் தசை. மலையுச்சிபோலப் பிராணவாயு குறைத்த கொட்டடியில் மாதக்கணக்கில் வளர்ந்த ஆடு. நல்ல தசை சுருங்கினால் திரையில் மேடு எழும். இதன் கோடு தரையோடு தவழ்ந்தது. சுருங்கவைக்கும் மருந்தை அவள் மூன்று தரம் விட்டுப் பார்த்துவிட்டாள். அசைந்து கொடுக்கவில்லை.

அப்போதுதான் தங்கையின் கணவன் அழைத்தான். மலையுச்சிச் சுரங்கத்தில் அவனுக்கு வேலை. நேற்று சாயங்காலம் அங்கே தங்கைக்குப் பனிக்குடம் உடைந்திருந்தது.

"அக்கா, வலி நின்னுடுச்சு. இப்பதான் கண்ணசந்தா" என்றான். குரலில் அவ்வளவு நிம்மதி.

ஆய்வுக்கூடத்தில் வலி என்றால் தசை செய்யும் வேலை. வீட்டில் வலி என்றால் வெறும் வலி; நின்றால் நல்லது என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். குழந்தை பிறந்ததா என்று கேட்டாள். இல்லை. நர்ஸ்? வேறொரு முகாமுக்குப் போயிருக்கிறாள். குழந்தை பிறக்காமல் வலி நிற்கக் கூடாது என்றாள்.

பிரசவத்துக்காக அங்கே போயிருந்த அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ராத்திரி பூரா துடிச்ச பொண்ணுடி. ஆட்டுக்கறியப் பாத்துட்டு இங்க இருக்கறவங்களுக்கு ஜோசியம் சொல்லாத."

ஓர் ஆட்டின் இழையை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்றாம் மாதத்தில், "நான் கீழ வந்துடட்டுமா?" என்று தங்கை கேட்டபோது மட்டும், எல்லாம் தெரிந்தவள்போல, காற்று குறைந்த உயரத்துக்கு உடம்பு பழகிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தாள். ஆறு மாதம் தங்கையை வீட்டில் வைத்துக்கொள்ள மனமில்லை. அதுதான் உண்மை. அதற்கு அறிவியலைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"அம்மா, அவ வயித்துல கைய வை. பத்து நிமிஷம் எடுக்காத."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். போனில் தங்கையின் மூச்சு கேட்டது. உப்புநீரில் குமிழ்கள் ஏறின. ஐந்து நிமிடம். எட்டு. பத்து.

"இறுகவே இல்லடி." அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "பிசைஞ்ச மாவு மாதிரி கெடக்கு."

"வயிறு இறுகாம உள்ள இருக்கற புள்ள எப்படிம்மா வெளிய வரும்? எழுப்பு. மாப்பிள்ளைய வண்டியெடுக்கச் சொல்லு. ஆக்சிஜன் சிலிண்டரையும் ஏத்துங்க."

எப்போதும் எதிர்த்துப் பேசும் அம்மா உடனே தங்கையை எழுப்பினாள். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பாதை. வளைவுகளில் போன் எடுக்காது. அவள் நோட்டில் நேரத்தை எழுதினாள், அடித்தாள், மறுபடி அதே நேரத்தை எழுதினாள். மாலை நான்கு மணிக்கு அவன் அழைத்தான். வயிற்றைத் திறந்து எடுத்தார்களாம். பெண் குழந்தை. அழுததாம். ஆனால் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டியிருக்கிறது. ஊசிமேல் ஊசி போட்டு, ஒரு டாக்டர் அரை மணி நேரம் கையாலேயே அழுத்திப் பிடித்திருந்தாராம். இப்போதுதான் நின்றதாம்.

"நின்னுடுச்சா? நல்லா பாத்துட்டாங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

பிறகு போன் கைமாறியது. தங்கையின் மயக்கம் தெளியாத குரல், ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மூட்டைய ஏத்தற மாதிரி ஏத்திக் குலுக்கிட்டாங்கக்கா. இடுப்பே கழண்டுபோச்சு. யாரு சொன்ன யோசனை இது?"

அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, தங்கை திட்டுவதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.